ஐந்தாவது கட்டம்

ஒருத்தியின் வேலையைப் பறிக்கப்போகும் வார்த்தைகளை, அவள் வாயாலேயே அழகாகச் சொல்லவைக்க ஒரு வாரம் பாடுபட்டவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக நான் பெரிய நியாயவாதி மாதிரி பேசுவேன், அப்போது இதையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் அபிகாயில். வீடு கிழக்குத் தாம்பரம். ஆறு வருஷம் நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆட்களுக்கு ஆங்கிலம் பேசப் பயிற்சி கொடுத்தேன். வெளிநாட்டுக்காரன் போனில் கத்தினால் இங்கிருந்து எப்படிக் குழைய வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியில் முக்கால்வாசி. போன வருஷம் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் வேறு யாரும் கூப்பிடவும் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வாரம் வகுப்பு எடுக்க ஆள் வேண்டுமாம் என்று சர்ச்சில் ஆஸ்டின் அண்ணன் சொன்னார். மறுநாள் காலையிலேயே போய் நின்றேன்.

வண்டி பிரேக்குக்குப் போகிற ரப்பர் குழாய் செய்கிற தொழிற்சாலை அது. எச்.ஆர். மேலாளர் லக்ஷ்மிநாராயணன் சார் காபி வரவழைத்து விஷயத்தைச் சொன்னார். இவர்களிடம் குழாய் வாங்குகிற புனே கம்பெனியில் நான்கு குழாய்கள் கசிந்துவிட்டன. அங்கிருந்து தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் இந்த வெள்ளி போய் அடுத்த வெள்ளி வருகிறார். மேலாளர்களிடம் பேச அவருக்கு விருப்பமில்லை, மெஷினில் நிற்கிறவர்களிடம் நேரடியாகப் பேச வேண்டுமாம். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஆறு தொழிலாளர்களுக்கு, வேலையில் ஒரு பிரச்சினை வந்தால் அதை எப்படி அலசித் தீர்த்தோம் என்று ஆங்கிலத்தில் பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என்ன பேச வேண்டும் என்பதை அவரே டைப் அடித்து வைத்திருந்தார். அதை வாயில் ஏற்றிவிடுவது மட்டும்தான் என் வேலை.

வகுப்பு காலை ஷிஃப்ட் முடிந்ததும் மூன்றரை மணிக்கு. ஆறு பேரில் முக்கியமானவள் தீபா. வயது முப்பத்தொன்பது, என்னைவிட ஏழு வயது பெரியவள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை மேடம் என்பாள். எட்டு வருஷமாகக் கசிவு பார்க்கிற மெஷினில் நிற்கிறாள், எட்டு வருஷமும் காண்ட்ராக்ட்தான், வருஷா வருஷம் மார்ச்சில் புதுப்பிப்பார்கள். அந்த நான்கு குழாய்களும் அவள் கையைத் தாண்டிப் போனவை. வெள்ளிக்கிழமை எழுந்து நின்று பேச வேண்டியவள் அவள்தான்.

அவள் பேச வேண்டியது ஒரு ஷீட்டை வைத்துத்தான். ஒய்-ஒய் ஷீட் என்பார்கள். பிரச்சினையை மேலே எழுதி, அது ஏன் வந்தது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் ஆணிவேர் அகப்படும் என்பது கணக்கு. நல்ல முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழிற்சாலையின் ஷீட்டில் ஒரு விசேஷம் இருந்தது. முதல் நான்கு கட்டங்கள் காலி, ஐந்தாவதில் மட்டும் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று ஆங்கிலத்தில் முன்பே எழுதியிருந்தது. நான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ரப்பர் அச்சு மெஷினில் வேலை செய்கிற லோகநாதன் விளக்கினான். எப்போதோ ஒரு காலத்தில் காலி ஷீட் தீர்ந்துபோய், ஏற்கெனவே எழுதிய ஷீட் ஒன்றை எடுத்து, நான்கு கட்டத்துக்கு ஒயிட்னர் பூசி ஜெராக்ஸ் போட்டிருக்கிறார்கள். ஐந்தாவதுக்கு ஏன் பூசுவானேன், எப்படியும் அதைத்தானே எழுதப் போகிறோம் என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஜெராக்ஸின் ஜெராக்ஸ்தான் ஓடுகிறது.

"அஞ்சாவது கட்டம் ரெடிமேடா கீது மேடம். நாங்க கீழேர்ந்து மேல ஏறிகினு போவோம்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வகுப்பை ஆரம்பித்தேன், அதுதான் என் லட்சணம்.

முதல் வாரம் முழுக்கத் தீபாவைத் தேய்த்து மெருகேற்றினேன். நான் சரியாகப் பார்க்கவில்லை, தவறு என்னுடையது, மிகவும் வருந்துகிறேன், இனி கவனமாக இருப்பேன். இதை எங்கே நிறுத்துவது, எங்கே தலையைத் தாழ்த்துவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவள் வீட்டில் சமைக்கும்போதும் கம்பெனி பஸ்ஸில் வரும்போதும் மனப்பாடம் செய்தாள். வெள்ளிக்கிழமை ஒரு தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். நான் கை தட்டினேன், மற்ற ஐந்து பேரையும் தட்டச் சொன்னேன்.

திங்கட்கிழமை பாடத்தில் ஒரு மாறுதலுக்காக, வீட்டுப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஐந்து ஏன் கேட்கலாம் என்றேன். லோகநாதன் பெருங்களத்தூரில் தன் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாத கதையை எடுத்தான். ஆங்கிலமும் தமிழும் கலந்து ஆளுக்கொரு ஏன் கேட்டார்கள். தண்ணீர் ஏன் வரவில்லை, டேங்க் காலி. டேங்க் ஏன் காலி, மோட்டார் போடவில்லை. ஏன் போடவில்லை, வாட்ச்மேன் போட்டால் ஃப்யூஸ் போகிறது. ஏன் போகிறது, மோட்டார் சின்னது. ஏன் சின்னது, பில்டர் இருபது வீட்டுக்கு வாங்க வேண்டியதைப் பத்து வீட்டுக்கு வாங்கினான். வகுப்பே குஷியாக இருந்தது. தீபா மட்டும் தன் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "இவன் வூட்டுக் கதையில வாட்ச்மேன் மூணாவது ஏன்லயே மாட்னான். யாரும் அவனோட நிறுத்தல, தாண்டிப் போய்ட்டோம். எங்க ஷீட்டு மட்டும் ஏன் ஆள் மேல வந்து நின்னுடுது?"

குழாய் ஏன் கசிந்தது என்று அப்போதுதான், ஒரு வாரம் கழித்து, அவளிடம் முதல்முறையாகக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் சொன்னது எளிமையான விஷயம். குழாயைத் தண்ணீரில் முக்கி உள்ளே காற்று விடுவார்கள். ஓட்டை இருந்தால் குமிழி வரும். பெரிய ஓட்டை என்றால் உடனே வரும், ஊசிமுனை ஓட்டை என்றால் இருபது இருபத்தைந்து செகண்ட் ஆகும். அதனால்தான் முப்பது செகண்ட் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, மெஷினுக்கு மேலேயே எழுதி மாட்டியிருக்கிறது. போன தீபாவளிக்கு முன் ஆர்டர் குவிந்தபோது மெஷின் டைமரை முப்பதிலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தார்கள். பன்னிரண்டு ஆனதும் பச்சை விளக்கு எரியும், பிடி தானாகத் திறந்துகொள்ளும், குழாய் வெளியே வந்துவிடும். டைமர் பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி ஷிஃப்ட் இன்ஜினியர் தயாளனிடம்.

"பன்னண்டு செகண்டுல வராத குமிழியை நான் எங்கேர்ந்து பார்க்கறது?" என்றாள். தயாளனிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். உன் வேலையைப் பாரு என்றாராம்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு லக்ஷ்மிநாராயணன் சாரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இன்ஜினியரிங் விஷயத்தை இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் உச்சரிப்பைப் பாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை கொடுக்கப்போகும் அறிக்கை மேஜை மேல் தயாராக இருந்தது. எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ற இடத்தில் என் கண் போய் நின்றது. சம்பந்தப்பட்ட ஆபரேட்டர் மார்ச் 31 முதல் நீக்கம் என்று இருந்தது.

அவர் அதை மறைக்கக்கூட இல்லை. "அவங்க காண்ட்ராக்ட் எப்படியும் மார்ச்சோட முடியுது மேடம். நாங்க புதுப்பிக்கல, அவ்வளவுதான். கஸ்டமருக்கு ஏதாவது ஒண்ணு காட்டணும் இல்லையா?" என்றார்.

தப்பை ஒப்புக்கொண்டால் மன்னித்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அவள் ராப்பகலாகப் படித்தாள். அவளை ஒப்புக்கொள்ள வைத்து, அந்த ஒப்புதலையே காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். அதற்கு உச்சரிப்பு சரிபார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் காபி குடித்துவிட்டுச் சம்மதித்திருக்கிறேன்.

அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் அவளோடு ஏறி, பெருங்களத்தூரில் அவள் இறங்கியதும் நானும் இறங்கினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு ஜூஸ் கடை ஓரமாக நின்று, பார்த்ததைச் சொன்னேன்.

"ஒரு வாரமா எனக்கு நானே சங்கு ஊதிகினு இருந்தேனா?" என்றாள். பிறகு, "நீங்க கை தட்டினீங்களே மேடம்" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவளுக்கு யோசிக்க வேறு இருந்தது. வேலை போவது ஒன்று. கவனக்குறைவு என்று பேர் எழுதி அனுப்பிவிட்டால் இந்த ரோட்டில் எந்தத் தொழிற்சாலையும் அவளைக் கசிவு பார்க்கும் மெஷினில் நிறுத்தாது. அவளுக்குத் தெரிந்த வேலை அது, எட்டு வருஷம் அதில் பேர் வாங்கியிருக்கிறாள்.

நான் பொங்கினேன். அந்தப் புனே அதிகாரியிடம் நானே பேசுகிறேன், இல்லாவிட்டால் இரண்டு பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதித் தருகிறேன், அதைப் படித்துவிடுங்கள் என்றேன். அவள் வேண்டாம் என்றாள்.

"நீங்க பேசினா அது நீங்க பேசினது. இவங்க உங்களை அனுப்பிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாங்க. எனக்கு நாலு வரி போதும். நானே சொல்றேன், தப்பில்லாம சொல்லிக் குடுங்க."

செவ்வாயிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். மற்ற ஐந்து பேருக்கும் விஷயம் தெரியும், ஒருவரும் வெளியே விடவில்லை. நான்கு வரியைச் சொல்லிக்கொடுப்பது அரை மணி நேர வேலை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. தீபா எந்த வரியை ஆரம்பித்தாலும் 'ஸாரி' என்றுதான் ஆரம்பித்தாள். நான் ஒரு வாரம் போட்ட விதை அப்படி முளைத்திருந்தது. அவள் ஸாரி சொல்லும்போதெல்லாம் மேஜையைத் தட்டும்படி லோகநாதனிடம் சொன்னேன். முதல் நாள் தட்டித் தட்டி அவன் உள்ளங்கை சிவந்துபோயிற்று.

இரண்டாவது கஷ்டம், குறுக்கே பேசினால் அவள் நிறுத்திவிடுவாள். எனவே நான் லக்ஷ்மிநாராயணன் சாராக மாறி, அவள் வாயைத் திறந்ததும் நடுவில் புகுந்தேன். அவங்க பயந்துட்டாங்க, அவங்க சொல்ல வர்றது என்னன்னா என்று மென்மையாக, சிரித்துக்கொண்டே புகுந்தேன். நாவலூரில் ஆறு வருஷம் இதைத்தானே பார்த்தேன், எனக்கு நன்றாகவே வந்தது. நிறுத்தாதீங்க அக்கா, அவர் முகத்தைப் பார்க்காதீங்க, விட்ட இடத்திலிருந்து அதே குரலில் தொடருங்க என்று பத்து தடவை, இருபது தடவை சொன்னேன். வியாழக்கிழமை மாலை நான் என்ன குறுக்கிட்டாலும் அவள் குரல் அசையவில்லை. அன்றைக்கு லக்ஷ்மிநாராயணன் சார் எட்டிப் பார்த்தார். தீபா எழுந்து நின்று பழைய மன்னிப்புப் பாட்டைக் கமா கூட விடாமல் ஒப்பித்தாள். அவர் திருப்தியோடு போனார். அவர் போகும்வரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரியின் பெயர் குல்கர்னி மேடம். ஒல்லியான ஐம்பது வயதுப் பெண், சிரிப்பு என்பது முகத்தில் கிடையாது. அவர் எங்களைக் காப்பாற்ற வந்த தேவதை ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது கசியாத குழாய், அவ்வளவுதான். கூட்ட அறையில் ஒரு பக்கம் லக்ஷ்மிநாராயணன் சாரும் தயாளனும், இன்னொரு பக்கம் எங்கள் ஆறு பேர். நான் சுவர் ஓரமாக நின்றேன்.

தீபா எழுந்தாள். ஷீட்டைக் கையில் எடுத்து, தானே நிரப்பி வைத்திருந்த முதல் நான்கு கட்டங்களை ஆங்கிலத்தில் படித்தாள். குழாய் கசிந்தது, ஊசிமுனை ஓட்டை இருந்தது, சோதனையில் அது தெரியவில்லை, சோதனை நேரம் போதவில்லை. நான்காவதைக் கேட்டதும் லக்ஷ்மிநாராயணன் சார் நிமிர்ந்தார். அது அவர் டைப் அடித்துக் கொடுத்ததில் இல்லை. ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் தீபா பேனாவை எடுத்து, அங்கே முன்பே அச்சாகியிருந்ததை ஒரே கோடாக அடித்தாள்.

"திஸ் இஸ் நாட் ட்ரூ" என்றாள். "ப்ளீஸ் கம் டு மை மெஷின். ப்ளீஸ் கவுன்ட்."

லக்ஷ்மிநாராயணன் சார் சிரித்துக்கொண்டே எழுந்தார். நான் வகுப்பில் நடித்ததைவிட அழகாகக் குறுக்கே புகுந்தார். அவங்களுக்குப் பதற்றம், இங்கிலீஷ் புதுசு, மெஷினில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறார் என்றார். தீபா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் மூச்சு விடுவதற்காகக் காத்திருந்தாள்.

"ஐ ஆம் நாட் நெர்வஸ்" என்றாள் அதே குரலில். "ப்ளீஸ் கம்."

குல்கர்னி மேடம் எழுந்துவிட்டார். அவர் எழுந்த பிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா. எல்லோரும் கீழே மெஷினுக்குப் போனோம். தீபா ஒரு குழாயை மாட்டித் தண்ணீரில் இறக்கினாள். குல்கர்னி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சத்தமாக எண்ணினார். பன்னிரண்டில் பச்சை விளக்கு எரிந்தது, பிடி திறந்தது. மெஷினுக்கு மேல் மாட்டியிருந்த அட்டையை நிமிர்ந்து பார்த்தார். முப்பது செகண்ட் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. இன்னொரு குழாயை மாட்டச் சொன்னார். மறுபடியும் பன்னிரண்டு.

டைமரை யார் மாற்றியது என்று கேட்டு, டைமர் பெட்டியைத் திறக்கப் பார்த்தார். பெட்டி பூட்டியிருந்தது. "கீ இஸ் நாட் வித் மீ" என்றாள் தீபா. அவள் என்னிடம் கேட்டு வாங்கிய நாலு வரியில் அதுதான் கடைசி.

தயாளன் சாவிக்கொத்தை வெளியே எடுத்தார். உற்பத்தி அட்டவணை, மேலிடத்து உத்தரவு என்று ஏதோ முணுமுணுத்தார். குல்கர்னி மேடம் அதைக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து முப்பது வைக்கச் சொன்னார், வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். டைமரைக் குறைத்த நாளிலிருந்து அனுப்பிய குழாய்கள் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றார். பிறகு தீபாவிடம் ஷீட்டை நீட்டி, அடித்த கட்டத்தை அவளையே எழுதச் சொன்னார்.

தீபா மெஷின் மேஜை மேல் காகிதத்தை வைத்து, குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். ஐந்தாவது கட்டத்தை முடித்தாள். அதோடு நிறுத்தாமல், கீழே நடவடிக்கைக்கென்று இருந்த வரிகளையும் நிரப்பிக்கொண்டே போனாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, என்ன எழுதுகிறாள் என்றும் நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. குல்கர்னி மேடம் வாங்கிப் படித்தார். கடைசி வரியில் கொஞ்சம் நின்று, தீபாவை ஒருமுறை பார்த்தார். குட் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டார். இனி இதில் ஒரு எழுத்து மாற வேண்டுமானாலும் தனக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார். மாதா மாதம் கண்காணிப்பு அறிக்கை வர வேண்டும், இதில் பெயர் உள்ளவரே அதில் கையெழுத்துப் போட வேண்டும், வேறு ஆள் போட்டால் சரக்கு திரும்பி வரும் என்று லக்ஷ்மிநாராயணன் சாரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் கார் கேட்டைத் தாண்டும்வரை லக்ஷ்மிநாராயணன் சார் கையாட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்ததும் முதலில் என்னிடம் வந்தார். அடுத்த வகுப்புக்கு நான் வர வேண்டியதில்லை என்றார். தெரியும் சார், இதற்கு மேல் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடமும் ஒன்றும் இல்லை என்றேன். எனக்குச் சிரிப்பாக வந்தது, அடக்கவும் இல்லை.

பிறகு அவர் மெஷின் மேல் கிடந்த ஷீட்டை எடுத்துப் படித்தார். நானும் அவர் தோள் வழியாகப் பார்த்தேன். டைமர் முப்பதிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது, சாவி ஆபரேட்டரிடம் இல்லை என்று ஐந்தாவது கட்டத்தில் இருந்தது. நடவடிக்கை, தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது டைமரை எண்ணிப் பார்ப்பது. கண்காணிப்பவர் பெயர், தீபா. கண்காணிப்பு முடியும் தேதி, செப்டம்பர் முப்பது. அதற்குக் கீழே குல்கர்னி மேடத்தின் கையெழுத்து.

அவர் தேதியை இரண்டு தடவை படித்தார். தீபா அதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த குழாயைத் தண்ணீரில் இறக்கியிருந்தாள்.

"செப்டம்பரா?" என்றார். "தீபா, உங்க காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது."

அவள் குமிழி வருகிறதா என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் சார். அதனாலதான் செப்டம்பர் போட்டேன்."